பாரிஷ் கவுன்சில்: சர்ச் வரியா, ஊர் மன்றமா?

கேள்வி இது: "லண்டனில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது இங்கிலாந்தின் ஒரு கிராமத்துக்குக் குடிவந்திருக்கிறோம். கவுன்சில் டாக்ஸ் பில்லில் கவுண்டி, டிஸ்ட்ரிக்ட், போலீஸ், தீயணைப்பு என்ற வரிகளோடு 'பாரிஷ்' என்று ஒரு தொகையும் இருக்கிறது. இது சர்ச்சுக்குப் போகும் காசா? நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. எங்கள் தெருவில் ஒரு விளக்கு எரியவில்லை. வண்டிகள் கண்மண் தெரியாமல் போகின்றன. பக்கத்து வயலில் நாற்பது வீடு வரப்போகிறது என்கிறார்கள். இவர்கள் இதில் எதையாவது செய்வார்களா? நம்மைப் போன்றவர்கள் அங்கே போய்ப் பேசலாமா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காசு சர்ச்சுக்குப் போவதில்லை. மேலே கவுண்டி, அதற்குக் கீழே டிஸ்ட்ரிக்ட் என்று இறங்கும் இங்கிலாந்து உள்ளாட்சியின் கடைசிப் படியில் இருக்கும் ஊர் மன்றத்துக்குப் போகிறது. விளக்கை அவர்களே சரிசெய்யும் வாய்ப்பு நிறைய. வண்டி வேகத்தில் ஓரளவு உதவுவார்கள். வயல் விஷயத்தில் முடிவு அவர்கள் கையில் இல்லை, ஆனால் அவர்களைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். நீங்கள் போகலாம், பேசலாம், ஓட்டுப் போடலாம், தகுதி இருந்தால் உறுப்பினராகவும் ஆகலாம். இந்திய, இலங்கைக் குடியுரிமை இதற்குத் தடையில்லை. அதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

லண்டனில் இருந்தபோது இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதில் ஆச்சரியமில்லை. 1965-ல் லண்டன் பெருநகர நிர்வாகம் உருவானபோது அங்கே பாரிஷ் மன்றங்களுக்கு இடமில்லாமல் போனது. 2007-ல் ஒரு சட்டம் மறுபடி கதவைத் திறந்தது. 2014-ல்தான் வெஸ்ட்மின்ஸ்டரில் குவீன்ஸ் பார்க் பகுதி தனக்கென ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுத்தது. ஆகவே ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் வாழ்ந்து பழகிய நம்மவர்களுக்குப் பரோ கவுன்சில் தெரியும், இது தெரியாது. லண்டனுக்கு வெளியே நிலைமை வேறு. இங்கிலாந்து முழுக்கச் சுமார் பத்தாயிரம் பாரிஷ், டவுன் கவுன்சில்கள் இருக்கின்றன. மில்டன் கீன்ஸ் மாதிரி புது நகரத்தில்கூட ஒரு அங்குலம் விடாமல் பாரிஷ்களாகப் பிரித்திருக்கிறார்கள். டவுன் கவுன்சில் என்பதும் சட்டப்படி பாரிஷ் கவுன்சில்தான், பெயர்தான் வேறு. 2021-ல் உருவான நார்த்தாம்டன் டவுன் கவுன்சிலின் எல்லைக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள். உங்கள் கிராம மன்றமும் அதுவும் சட்டத்தின் கண்ணில் ஒரே வகை.

சர்ச் சந்தேகம் வருவதற்கு வரலாறு காரணம். பல நூற்றாண்டுகளாக ஊர்க் காரியத்தைப் பார்த்தது சர்ச்சில் கூடிய வெஸ்ட்ரி என்ற சபை. ஏழைகளுக்கு உதவிப் பணம், சாலை, ஊர்க்காவல் எல்லாம் அங்கேதான் முடிவாகும். நடைமுறையில் பாதிரியாரும் பெரிய நிலக்காரரும் சொன்னதுதான் சட்டம். 1894-ன் உள்ளாட்சிச் சட்டம் அதை உடைத்தது. ஊர் நிர்வாகத்தைச் சர்ச்சிலிருந்து பிரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்திடம் கொடுத்தது. அந்த டிசம்பரில் முதல் தேர்தல் நடந்தது. கூலி விவசாயி ஒருவர் தன் நிலக்காரரை எதிர்த்து நிற்க முடிந்தது. பெண்கள், கல்யாணமானவர்கள் உட்பட, ஓட்டுப் போடவும் நிற்கவும் முடிந்தது. நாடாளுமன்றத்துக்கு ஓட்டுரிமை கிடைக்க அவர்கள் இன்னும் இருபது வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை. சர்ச்சுக்கென்று தனியாக ஒரு கவுன்சில் இன்றும் உண்டு. அது சர்ச் கூரையையும் மணியையும் பார்த்துக்கொள்ளும், உங்கள் பில்லில் வராது. இரண்டும் வேறு வேறு. ஊரில் சிலர் இரண்டிலும் இருப்பார்கள், அதனால் குழப்பம் தீராது.

சரி, பணம். மன்றம் அடுத்த வருடச் செலவைக் கணக்குப் போட்டு, மற்ற வருமானத்தைக் கழித்து, மீதி எவ்வளவு வேண்டும் என்று டிஸ்ட்ரிக்ட்டுக்கு எழுதும். அந்தத் தொகைக்கு பிரிசெப்ட் என்று பெயர். டிஸ்ட்ரிக்ட் அதை உங்கள் கவுன்சில் டாக்ஸில் சேர்த்து வசூலித்துக் கொடுக்கும். வீடுகளை மதிப்பைப் பொறுத்து ஏ முதல் எச் வரை பேண்டுகளாகப் பிரித்து வரி போடுவார்கள், டி பேண்ட்தான் அளவுகோல். ஒரு கணக்கு: மன்றத்துக்கு 24,000 பவுண்டு வேண்டும், ஊரில் டி பேண்டுக்குச் சமமாக 400 வீடுகள் என்றால், டி பேண்ட் வீடு வருடத்துக்கு 60 பவுண்டு கொடுக்கும். ஏ பேண்ட் வீடு 40, எச் பேண்ட் வீடு 120. அடுத்த வருடம் இது ஐம்பது சதவீதம் ஏறியது என்று யாராவது கொதித்தால், டி பேண்டுக்கு அது வருடத்துக்கு முப்பது பவுண்டு என்று பொறுமையாகச் சொல்லுங்கள். ஆனால் கொதிப்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. கவுண்டியும் டிஸ்ட்ரிக்ட்டும் ஒரு வரம்புக்கு மேல் வரியை ஏற்றினால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பாரிஷ்களுக்கு அந்த வரம்பை அரசு இதுவரை வைக்கவில்லை. எனவே கேள்வி கேட்பது நீங்கள்தான், கேட்க வேண்டிய காலம் நவம்பரிலிருந்து ஜனவரி வரை. ஏப்ரலில் பில் கையில் வந்த பிறகு கேட்டால் பதில் கிடைக்கும், பணம் திரும்பாது.

இனி உங்கள் விளக்கு. கம்பத்தில் ஒரு எண் தகடு இருக்கும், யாருடைய கம்பம் என்று அதில் பெரும்பாலும் தெரியும். பெரிய சாலை விளக்குகள் கவுண்டியுடையவை. கிராமத்து நடைபாதை விளக்குகள் பல ஊர்களில் பாரிஷுடையவை, 1957-ன் சட்டம் அதற்கு அதிகாரம் கொடுத்தது. பாரிஷ் கம்பம் என்றால் மன்றத்தின் அலுவலரான கிளார்க்குக்கு எண்ணோடு ஒரு மின்னஞ்சல் போதும், ஒப்பந்தக்காரர் வந்து பார்ப்பார். பஸ் நிழற்குடை, பெஞ்ச், குப்பைத்தொட்டி, ஊர்க் கடிகாரம், விளையாட்டுத் திடல், இடுகாடு, போர் நினைவுச் சின்னம் எல்லாம் இந்த வகை. பட்டியலைப் பார்த்தால் சில்லறை வேலை மாதிரி இருக்கும். ஆனால் ஊஞ்சல் சங்கிலி தேய்ந்திருக்கிறதா என்று யாரோ ஒருவர் முறையாகப் பார்த்து எழுதி வைக்கிறார் என்பதால்தான் உங்கள் பிள்ளை அதில் நிம்மதியாக ஆடுகிறது. பள்ளிக்கூடம், சாலைக் குழி, முதியோர் பராமரிப்பு கவுண்டி வேலை. வீட்டுக் குப்பை எடுப்பது டிஸ்ட்ரிக்ட் வேலை. பாரிஷ் கூட்டத்துக்கு வரும் கோபத்தில் பாதி, சாலைக் குழி பற்றியது. அவர்களால் அதை மூட முடியாது, கவுண்டியைத் துளைத்தெடுக்க மட்டும் முடியும்.

வண்டி வேகமும் கிட்டத்தட்ட அதே கதை. வேக வரம்பைத் தீர்மானிப்பது கவுண்டி, பிடித்து அபராதம் போடுவது போலீஸ். பாரிஷ் என்ன செய்யலாம் என்றால், உங்கள் வேகத்தைக் காட்டி முகம் சுளிக்கும் மின்பலகையை அனுமதி வாங்கி வைக்கலாம். வேகத் தடுப்பு வேலைகளுக்குக் கவுண்டியோடு செலவைப் பகிர்ந்துகொள்ளலாம், சட்டத்தில் இடமிருக்கிறது. போலீஸ் பயிற்சி கொடுத்த தன்னார்வலர்கள் மஞ்சள் சட்டை போட்டு, கையில் கருவியோடு சாலையோரம் நிற்கும் ஸ்பீட்வாட்ச் திட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கலாம். அந்த மின்பலகையின் உண்மையான பயன் ஓட்டுநரைப் பயமுறுத்துவதில் இல்லை என்பது என் அபிப்பிராயம். அது சேர்த்து வைக்கும் எண்களில் இருக்கிறது. "எல்லோரும் வேகமாகப் போகிறார்கள்" என்று கவுண்டிக்கு எழுதினால் அலமாரிக்குப் போகும். எந்த மணி நேரத்தில் எத்தனை வண்டி எந்த வேகத்தில் போனது என்று பதிவோடு எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். சில சமயம் பதிவு நமக்கே எதிராகப் பேசும்: வேகமாகப் போவது வெளியூர் லாரிகள் என்று ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருக்கும், காலையில் பள்ளிக்குப் பிள்ளையை விடப்போகும் உள்ளூர் கார்கள்தான் என்று எண்கள் காட்டும்.

வயல் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் இங்கேதான் ஊர்கள் ஏமாறுகின்றன. நாற்பது வீட்டுக்கு அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்பது டிஸ்ட்ரிக்ட்டின் முடிவு. விண்ணப்பம் வந்தால் பாரிஷுக்குத் தெரிவித்து, கருத்துச் சொல்ல இருபத்தொரு நாள் அவகாசம் கொடுப்பார்கள். பாரிஷ் "வேண்டாம்" என்று சொன்னதாலேயே விண்ணப்பம் விழுந்துவிடாது. என்ன காரணம் சொல்கிறார்கள் என்பதுதான் முக்கியம். "எங்கள் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும்", "வீட்டு விலை குறையும்" என்று இருநூறு கடிதம் போனாலும் திட்ட அதிகாரி அவற்றை எடைபோட மாட்டார், அவை சட்டப்படி கணக்கில் வரும் காரணங்கள் இல்லை. வெள்ளம் தேங்கும் இடம், வளைவில் பார்வை மறைக்கும் நுழைவாயில், கழிவுநீர்க் குழாயின் கொள்ளளவு, பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் மறைவது, டிஸ்ட்ரிக்ட்டின் சொந்தத் திட்ட ஆவணத்துக்கு முரணாக இருப்பது: இவை எடையுள்ள காரணங்கள். போன குளிர்காலத்தில் அந்த வயல் மூலையில் தண்ணீர் நின்ற தேதியிட்ட நாலு போட்டோ, இருநூறு கடிதத்தைவிடப் பெரிது. நல்ல பாரிஷ் கவுன்சில் செய்யும் வேலை இதுதான்: ஊரின் கோபத்தை வாங்கி, திட்ட அதிகாரிக்குப் புரியும் காரணங்களாக மாற்றி, இருபத்தொரு நாளுக்குள் அனுப்புவது. அப்புறம், அனுமதி கிடைத்துவிடும் என்று தெரிந்தால் பேரம் பேசுவது: நடைபாதை எங்கே, விளையாடும் இடம் எவ்வளவு, பஸ் நிறுத்தம் யார் செலவு.

விண்ணப்பம் வந்த பிறகு ஓடுவதைவிட வருவதற்கு முன்பே நிற்க ஒரு வழி 2011-ன் லோக்கலிசம் சட்டத்தில் வந்தது. பாரிஷ் தன் ஊருக்கென்று ஒரு நெய்பர்ஹுட் பிளான் எழுதலாம். எங்கே வீடு வரலாம், எந்த மாதிரி வீடு, எந்தப் பசுமைவெளி தொடக்கூடாது என்றெல்லாம். வெளி ஆய்வாளர் ஒருவர் பரிசோதித்து, ஊர் வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் ஆதரித்தால் அது சட்டப்படி திட்ட ஆவணத்தின் பகுதியாகிவிடும். 2013 மார்ச்சில் கம்பிரியாவின் அப்பர் ஈடன் பகுதி நாட்டிலேயே முதலாக இந்த வாக்கெடுப்பில் வென்றது. கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸில் 2016-ல் நடந்தது இன்னும் துணிச்சலானது. கடற்கரை அழகுக்காக வெளியூர்ப் பணக்காரர்கள் வீடுகளை வாங்கிப் பூட்டிப் போட்டிருந்தார்கள், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வாடகைக்குக்கூட வீடில்லை. இனிக் கட்டும் புது வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்று பிளானில் எழுதினார்கள். எண்பது சதவீதத்துக்கு மேல் ஆதரித்து ஓட்டு விழுந்தது. நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள், அங்கும் நின்றது. பழைய வீடுகளை அது தொடாது என்பதால் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் ஒரு டவுன் கவுன்சில் எழுதிய தாள், வீட்டுச் சந்தையில் கை வைத்தது.

இதில் பணமும் இருக்கிறது. சில டிஸ்ட்ரிக்ட்கள் புதுக் கட்டடங்களிடமிருந்து சமூகக் கட்டமைப்புக்கென்று ஒரு கட்டணம் வாங்கும். அதில் பதினைந்து சதவீதம், ஒரு வரம்புக்குள், பாரிஷுக்கு வரும். நெய்பர்ஹுட் பிளான் உள்ள ஊருக்கு இருபத்தைந்து சதவீதம். ஆனால் பிளான் எழுதுவது லேசான காரியமில்லை. வருடக்கணக்கில் மாலை நேரங்களைத் தின்னும். முதலில் முப்பது பேர் வருவார்கள், கடைசியில் நாலு பேர் மிஞ்சுவார்கள்.

ஊர் வாழ்க்கை என்று பார்த்தால், மன்றம் ஆணையிட்டு நடத்தும் காரியங்களைவிட, அது பின்னால் நின்று தாங்கும் காரியங்களே அதிகம். வில்லேஜ் ஹால் பெரும்பாலும் தனி அறக்கட்டளை, ஆனால் கொதிகலன் பழுதானால் பாரிஷ் மானியம் தேடி வருவார்கள். நவம்பரில் போர் நினைவு ஞாயிறு அன்று மலர்வளையம் வைப்பது சேர்மன், அதற்குச் சாலையை மூட அனுமதி வாங்குவது கிளார்க். சிவப்புத் தொலைபேசிக் கூண்டை பி.டி. (BT) தொலைபேசி நிறுவனம் 2008 முதல் ஒரு பவுண்டுக்கு ஊர்களிடம் கொடுக்கிறது. பல பாரிஷ்கள் அதை வாங்கி உள்ளே இதயத் துடிப்பை மீட்கும் கருவியை வைத்திருக்கின்றன, சில ஊர்களில் பழைய புத்தகம் மாற்றிக்கொள்ளும் நூலகம். உங்கள் ஊர்க் கருவி எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள். இருக்கும் ஒரே பப்பை மூடி வீடாக்கப் போகிறார்கள் என்றால், அதைச் சமூக மதிப்புள்ள சொத்து என்று பதியச் சொல்லி பாரிஷ் விண்ணப்பிக்கலாம். பதிவானபின் உரிமையாளர் விற்க நினைத்தால், வாங்க விரும்பும் ஊர்க் குழுவுக்குப் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கிடைக்கும். அவர்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அவகாசம்தான். 2020-ல் கோவிட் வந்தபோது, யார் வீட்டில் தனியாக முதியவர் இருக்கிறார், யார் மருந்து வாங்கிக் கொடுக்க வருவார் என்ற பட்டியலைப் பல ஊர்களில் முதலில் போட்டது இந்த மன்றங்களும் அவற்றைச் சுற்றியிருந்த தன்னார்வலர்களும்தான். டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கு உங்கள் தெருவின் பெயர் தெரியும், கிளார்க்குக்கு அந்தத் தெருவில் யாருக்கு முட்டி வலி என்று தெரியும்.

நம்மவர்களுக்குப் பிடித்த ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: அலாட்மெண்ட், அதாவது வாடகைத் தோட்டத் துண்டு. 1908-ன் சட்டப்படி ஊரில் தேவை இருந்தால் இதை ஏற்பாடு செய்வது பாரிஷின் கடமை. மற்றவற்றில் பெரும்பாலானவை "செய்யலாம்" வகை, இது "செய்ய வேண்டும்" வகை. வாக்காளர் ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கேட்டால் மன்றம் அதைக் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும். முழுத் துண்டு என்பது வழக்கமாக 250 சதுர மீட்டர், பாதித் துண்டும் கிடைக்கும். வெந்தயக்கீரை, பூசணி, உருளை நன்றாக வரும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் பிளாஸ்டிக் கூடாரம் வேண்டும். முருங்கைக் கனவை விட்டுவிடுங்கள். ஊரில் நாலு பேர் பழக்கமாக இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. பக்கத்துத் துண்டுக்காரர் முதல் வாரம் உங்கள் களையைப் பற்றிக் குறை சொல்வார், மூன்றாவது வாரம் லீக்ஸ் கொடுப்பார்.

இப்போது கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் முறை போய்விட்டு "யாரும் நம்மை மதிக்கவில்லை" என்று திரும்பிவிடுவீர்கள். மன்றத்தின் அச்சாணி கிளார்க். சம்பளம் வாங்குபவர் பெரும்பாலும் அவர் ஒருவர்தான், அதுவும் பகுதி நேரம். உறுப்பினர்கள் பொதுவாகச் சம்பளமில்லாமல் வேலை செய்பவர்கள். சட்டப்படி எந்தத் தனி உறுப்பினருக்கும், சேர்மனுக்கும்கூட, தானாக முடிவெடுக்க அதிகாரமில்லை. சாலையில் சேர்மனைப் பிடித்து, "அந்த பெஞ்சை மாற்றிவிடுங்கள்" என்றால் அவர் தலையாட்டுவார், ஆனால் மன்றம் கூடி முடிவெடுக்க வேண்டும், அல்லது மன்றம் ஏற்கனவே அந்த அதிகாரத்தைக் கிளார்க்குக்கோ ஒரு குழுவுக்கோ கொடுத்திருக்க வேண்டும். நம் ஊராட்சி மன்றத் தலைவரை மனதில் வைத்துக்கொண்டு போனால் இங்கேதான் சறுக்கும். தமிழ்நாட்டில் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர் கையெழுத்துக்கு எடை உண்டு. இங்கே சேர்மனை ஒவ்வொரு மே மாதமும் உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். கூட்டம் நடத்துவதும், ஓட்டு சமமானால் இன்னொரு ஓட்டுப் போடுவதும்தான் அவருடைய கூடுதல் அதிகாரம். திட்டத்துக்கென்று மேலிருந்து கொட்டும் நிதியும் இங்கே இல்லை, ஊர் கட்டும் வரிதான் ஊரின் காசு.

அஜெண்டாவில் இல்லாத விஷயத்தில் அன்று முடிவெடுக்க முடியாது. அஜெண்டாவை மூன்று முழு நாள் முன்னதாக ஒட்டியாக வேண்டும், ஞாயிறும் கூட்ட நாளும் கணக்கில் சேராது. எனவே உங்கள் விஷயம் முடிவாக வேண்டுமென்றால் பத்து நாள் முன்பே கிளார்க்குக்கு எழுதி அஜெண்டாவில் போடச் சொல்லுங்கள். கூட்டத்தின் தொடக்கத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள், ஆளுக்கு மூன்று நிமிடம் மாதிரி. அது முடிந்தபின் நீங்கள் பார்வையாளர், கையைத் தூக்கினாலும் சேர்மன் பார்க்காத மாதிரி இருப்பார். மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், விதி அது. உட்கார்ந்து பார்க்கும் உரிமையை உறுதியாக்கியது 1960-ன் ஒரு சட்டம். அதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் அப்போது நாடாளுமன்றத்துக்குப் புதிதாக வந்திருந்த மார்கரெட் தாட்சர், அவருடைய கன்னிப்பேச்சே அதைப் பற்றியதுதான். வேறு பொருத்தமான அறை கிடைக்காத நிலை இல்லாவிட்டால் மது விற்கும் இடத்தில் கூட்டம் போடக்கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. கூட்டம் முடிந்த பிறகு எல்லோரும் எங்கே போகிறார்கள் என்று சட்டம் கேட்பதில்லை.

விதிகள் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் செஷயரின் ஹேண்ட்ஃபோர்த். 2020 டிசம்பரில் ஜூம் வழியாக நடந்த கூட்டத்தில் சேர்மன், உதவிக்கு வந்திருந்த செஷயர் உள்ளாட்சிச் சங்க அதிகாரி ஜாக்கி வீவரைப் பார்த்து "உனக்கு இங்கே அதிகாரம் கிடையாது" என்று கத்த, அவர் அமைதியாக சேர்மனைக் கூட்டத்திலிருந்தே வெளியேற்றினார். 2021 பிப்ரவரியில் அந்த வீடியோ ஊரடங்கில் முடங்கிக் கிடந்த நாட்டையே சிரிக்க வைத்தது. பிற்பாடு வந்த விசாரணை அறிக்கை, அப்படி வெளியேற்ற அவருக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை என்றுதான் சொன்னது. அதே சமயம் அங்கே அதற்குமுன் நடந்துகொண்டிருந்த நடத்தையையும் கடுமையாகச் சுட்டியது. பெரும்பாலான கூட்டங்கள் இப்படி இருக்காது. புல் வெட்டும் ஒப்பந்தம் பற்றி நாற்பது நிமிடம் பேசுவதைக் கேட்கத் தயாராகப் போங்கள்.

ஊர்க் கூட்டம் என்று இன்னொன்று உண்டு, பாரிஷ் மீட்டிங். நம் கிராம சபைக்கு நெருக்கமானது இதுதான். மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையில் வருடம் ஒரு முறை, மாலை ஆறு மணிக்கு முன் தொடங்கக்கூடாது, ஊர் வாக்காளர் எல்லோரும் பேசலாம், ஓட்டுப் போடலாம். மன்றம் ஒரு விஷயத்தைக் கிடப்பில் போட்டால், வாக்காளர் ஆறு பேர் கையெழுத்துப் போட்டு இப்படி ஒரு கூட்டத்தைத் தாங்களே கூட்டலாம். முடிவு மன்றத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது, ஆனால் ஹால் நிறைந்த கூட்டத்தின் தீர்மானத்தை ஒதுக்கித் தள்ள எந்த உறுப்பினருக்கும் மனம் வராது. கணக்கைப் பார்க்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. கோடையில் முப்பது வேலை நாள், ஜூலையின் முதல் பத்து வேலை நாட்கள் கட்டாயம் அதில் அடங்கும், ரசீது வரை கேட்டுப் பார்க்கலாம்.

குறைகள் இல்லாமலில்லை. பல ஊர்களில் தேர்தலே நடப்பதில்லை, இடங்களைவிடக் குறைவான பேரே மனுப்போடுகிறார்கள். மீதி இடத்தை மன்றமே கோ-ஆப்ஷன் மூலம் நிரப்பிக்கொள்கிறது, தெரிந்தவர் தெரிந்தவரைக் கூப்பிடுகிறார். ஓய்வுபெற்றவர்கள் அதிகம், சின்னப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் குறைவு. ஊரில் நாற்பது வருடமாக இருப்பவர் "நீங்கள் புதுசு" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் தொனி உண்டு. அது நிறம் பார்த்து மட்டும் வருவதில்லை, பக்கத்து மாவட்ட வெள்ளைக்காரருக்கும் அதே வரவேற்புதான். சில இடங்களில் நிறமும் சேர்ந்துகொள்ளும், அதை மறைக்க வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று வந்துகொண்டிருக்கிறது. உங்கள் பில்லில் கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் இரண்டும் இருப்பதாகச் சொன்னீர்கள். 2024 டிசம்பரில் வெளியான அரசின் வெள்ளை அறிக்கை, இப்படி இரண்டடுக்கு உள்ள இடங்களையெல்லாம் ஒரே பெரிய கவுன்சிலாக்க வேண்டும் என்கிறது. முன்பே அப்படி மாறிய இடங்களில் நடந்ததைப் பார்த்தால் அடுத்தது என்ன என்று புரியும். 2009-ல் ஒன்றான கார்ன்வால், பொதுக் கழிப்பறைகளையும் பல நூலகங்களையும் பாரிஷ், டவுன் கவுன்சில்களிடம் இறக்கியது. 2023-ல் ஒன்றான சாமர்செட், அதே நவம்பரில் நிதி நெருக்கடி என்று அறிவித்து, ஊர்களைப் பார்த்து "நீங்கள் எடுத்துக்கொள்ளாவிட்டால் மூடிவிடுவோம்" என்ற பாணியில் பேச வேண்டிவந்தது. பாரிஷ் வரிக்கு வரம்பில்லை என்று முன்பே சொன்னேன் இல்லையா, இது அதோடு சேர வேண்டிய கணக்கு. மேலே குறையும் செலவு கீழே உங்கள் பில்லில் அந்தச் சின்ன வரியில் ஏறும். ஊரே நடத்தும் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்பதும் உண்மை, அதற்கான காசை ஊரே இரண்டாவது முறை கட்டுகிறது என்பதும் உண்மை. அதனால்தான் பிரிசெப்ட் முடிவாகும் அந்தக் குளிர்கால மாலைக்கு ஒரு தடவையாவது போங்கள் என்கிறேன்.

கடைசியாக, நீங்கள் சேர்வது. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் அதில் அடக்கம், செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசித்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், ஓட்டுப் போடலாம். தேர்தலில் நிற்க வேண்டுமென்றால் காலவரம்பற்ற தங்கும் அனுமதி வேண்டும், அல்லது அந்த அனுமதியே தேவைப்படாத நிலை வேண்டும். வயது பதினெட்டு. பாரிஷ் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அல்லது கடந்த பன்னிரண்டு மாதமும் பாரிஷிலோ அதிலிருந்து மூன்று மைலுக்குள்ளோ வசித்திருந்தாலும் போதும். டெபாசிட் கிடையாது, முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர். உறுப்பினரானால் உங்கள் வேலை, வீடு, நிலம் போன்ற பண நலன்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும், உங்கள் கணவர் அல்லது மனைவியுடையதும் சேர்த்து. வேண்டுமென்றே மறைப்பது குற்றம், இதில் விளையாட வேண்டாம்.

நான்கு வருடத் தேர்தல் வரை காத்திருக்கவும் தேவையில்லை. இடையில் இடம் காலியானால் நோட்டீஸ் ஒட்டுவார்கள். பதினான்கு வேலை நாளுக்குள் பத்து வாக்காளர் தேர்தல் கேட்காவிட்டால் கோ-ஆப்ஷன்தான். உங்களைப் பற்றிப் பத்து வரி எழுதி கிளார்க்குக்கு அனுப்புங்கள்: எங்கே வசிக்கிறீர்கள், என்ன வேலை, ஊரில் எது உங்களை உறுத்துகிறது என்று. கணக்கு தெரிந்தவர், கம்ப்யூட்டர் தெரிந்தவர், மானிய விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதற்குமுன் இரண்டு மூன்று கூட்டத்துக்குப் பின்வரிசையில் போய் உட்காருங்கள், பழைய மினிட்ஸை, அதாவது கூட்டக் குறிப்புகளை, இணையதளத்தில் கடந்த ஒரு வருடத்துக்கானதைப் படித்துப் பாருங்கள். அந்த நாற்பது வீட்டு விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். விண்ணப்பம் ஏற்கனவே பதிவாகியிருந்தால் இருபத்தொரு நாள் ஓட ஆரம்பித்திருக்கும், அப்படியென்றால் விளக்குக் கம்ப எண்ணைப் பிறகு அனுப்பலாம், முதலில் அந்தத் தண்ணீர் நின்ற போட்டோக்களைத் தேடுங்கள்.